பழைய ஃபிளாட் வாங்கலாமா?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் அமைதியான தெருவில், 30 வருஷப் பழைய அபார்ட்மென்ட்டில் 1,400 சதுர அடி ஃபிளாட் வருகிறது. தரைத்தளம், பெரிய ஹால், புதுசைவிட விலையும் குறைவு. வாங்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வாங்கலாம், ஆனால் ஹாலைப் பார்த்து மயங்காதீர்கள். வயசாக ஆகக் கட்டடத்தின் மதிப்பு இறங்கும், கடைசியில் கையில் நிற்பது மண்தான், அதனால் பத்திரத்தில் உங்கள் பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதாவது யூ.டி.எஸ்., எத்தனை சதுர அடி என்று முதலில் பாருங்கள். நாளைக்கு இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் (2022 சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும்) அதுதான் பேசும்.

அப்புறம் ஈரம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, பால்கனிக்குக் கீழே சிமென்ட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். சுவரின் கீழ்ப்பக்கம் மட்டும் புது பெயின்ட் என்றால் எனக்குச் சந்தேகம்தான். ஆறு நிறைந்து ஓடும் நாளில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள், கூடவே ஒரு இன்ஜினியரையும் கூட்டிப்போங்கள்.

வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம், 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். முத்திரைத்தாள், பதிவு இரண்டும் சேர்ந்து 9 சதவீதம், அதையும் கணக்கில் வையுங்கள். பராமரிப்புப் பாக்கி இல்லையென்று சங்கத்திடம் கடிதம் வாங்காமல் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.