கடையில் சிறுவர்களை வேலைக்கு வைக்கலாமா?

கேள்வி: பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய 16 வயதுப் பையன் என் துணிக்கடையில் வேலை கேட்கிறான். சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: சேர்க்கலாம், பெரியவர்களைப் போல வேலை வாங்கக் கூடாது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம், 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயது முடிந்து 18 முடியாதவர்களை வளரிளம் பருவத்தினர் என்கிறது. சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்கள் அவர்களுக்குத் தடை. துணிக்கடைக்குத் தடையில்லை.

நேரக் கணக்கில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதன்பின் 1 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். ஓய்வும், வேலைக்காகக் காத்திருக்கும் நேரமும் சேர்த்தே ஒரு நாளுக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கிடையாது. மாலைக் கூட்டத்தைச் சமாளிக்க அவனை நிறுத்திவைத்தால் அதுவே மீறல். ஓவர்டைம் கூடாது, அதே நாளில் வேறு கடைக்கும் அனுப்பக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு.

சேர்த்த 30 நாட்களுக்குள் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு, வேலையின் தன்மை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். பிறப்புச் சான்றின் நகலை முதல் நாளே வாங்கிவிடுங்கள். பையன் வாயால் சொன்ன வயதை நம்பாதீர்கள். அவன் 14-க்குக் கீழ் என்று தெரியவந்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம்.

கேள்வி: தங்கை மகனுக்கு 12 வயது. கோடை விடுமுறையில் என் மளிகைக் கடையில் இருக்கட்டும் என்கிறாள். சொந்தம்தானே, தவறா?

பதில்: பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோரைச் சட்டம் குடும்பமாகக் கொள்கிறது. தாய்மாமனான நீங்கள் அதில் அடக்கம். ஒன்றுவிட்ட மாமன் வரமாட்டார். ஆனாலும் விடுமுறையிலோ பள்ளி முடிந்த பிறகோ கூடமாட உதவுவதற்கு மட்டுமே அனுமதி. பையனுக்கோ கடைக்கோ வருமானம் தரும் வேலையில் அவனை இறக்கக் கூடாது என்கின்றன இந்தச் சட்டத்தின்கீழ் 2017-இல் திருத்தப்பட்ட விதிகள். ஆகவே சம்பளம் கொடுத்தாலோ, கடையாள் வராத நாளில் அவனைக் கல்லாவில் உட்காரவைத்தாலோ உறவு உங்களைக் காப்பாற்றாது.

கேள்வி: 8 வயது மகளை விளம்பரத்தில் நடிக்கக் கேட்கிறார்கள். அனுமதி உண்டா?

பதில்: உண்டு. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். அந்த உத்தரவைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் படப்பிடிப்பு கூடாது, அதிலும் ஓய்வில்லாமல் 3 மணி நேரம் தாண்டக் கூடாது. குழந்தைக்குச் சம்மதமில்லை என்றால் நடிக்கவைக்கவே முடியாது. ஊதியத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவள் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அந்தக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள்.