பதிவு செய்த பாட்டில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டுவது எப்படி?

"குரலைப் பதிவு செய்துவிட்டேன், இப்போது பாட்டு மந்தமாகத் தெரிகிறது. ரீப்பரில் டெம்போ எண்ணை ஏற்றினால் குரலும் சேர்ந்து வருமா, சுருதி கெடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ரீப்பர் என்பது ஒலியைப் பதிவு செய்து தொகுக்கும் மென்பொருள்; டெம்போ என்றால் பாட்டின் வேகம். நான் இதில் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டவன்.

அத்தை ஒரு முருகன் பாட்டு பாடிக் கொடுத்தார். ஆதி தாளம், பக்கத்திலேயே சுருதிப் பெட்டி, அடியை எண்ணிக் காட்டும் கிளிக் சத்தம் கிடையாது. வேகம் நிமிடத்துக்கு 80 அடி. எனக்கு இழுவையாகப் பட்டது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, 'சேஞ்ச் ஸ்பீட்' கொடுத்து 85 ஆக்கி வாட்ஸாப்பில் அனுப்பினேன். அடுத்த நிமிடமே போன். "ஏன்டா, நான் ஐந்தரைக் கட்டையிலதானே பாடினேன்? இது ஆறு கட்டையில இருக்கே!"

கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. அவர் காது தப்பவில்லை. 80இலிருந்து 85 என்பது ஆறேகால் சதவீதம். பழைய டேப்பை வேகமாக ஓட்டுவதைப் போல வேகமும் சுருதியும் சேர்ந்து ஏறினால், சுமார் 6 சதவீதத்துக்கே அரைக் கட்டை கூடிவிடும். நான் தொட்டிருக்க வேண்டியது 'சேஞ்ச் டெம்போ'. அது சுருதியை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் மாற்றும். ஆடாசிட்டியில் 2023இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு கிளிப்பின் (திரையில் தெரியும் ஒலித்துண்டின்) ஓரத்தை இழுத்தாலே போதும்.

சரி, ரீப்பருக்கு வருவோம். அங்கே பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) பெட்டியில் நிற்கும் எண் ஓர் அளவுகோல்தான். புது ப்ராஜெக்ட்டில் அது 120 என்று இருக்கும்; உங்கள் குரல் என்ன வேகத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எண்ணை மாற்றும்போது அளவுகோல் மட்டும் நகர வேண்டுமா, ஆடியோவும் சேர்ந்து நகர வேண்டுமா என்பதை ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் உள்ள 'டைம்பேஸ்' முடிவு செய்கிறது. பெரும்பாலான குழப்பம் இங்கேதான்.

முதலில் டைம்பேஸை 'டைம்' என்று வையுங்கள். இப்போது எண்ணை எப்படி மாற்றினாலும் குரல் அசையாது. அடுத்து, பாடியவரின் உண்மையான வேகத்தைக் கண்டுபிடியுங்கள். நான் எட்டு ஆவர்த்தனத்தை (ஆதி தாளத்தில் ஒரு சுற்றுக்கு எட்டு அடி) அளந்து பார்த்தேன்: 64 அடி, 48 விநாடி. 64ஐ 60ஆல் பெருக்கி 48ஆல் வகுத்தால் 80. அதைப் பெட்டியில் போட்டு, முதல் சமத்தை, அதாவது தாளச் சுற்று தொடங்கும் அடியை, திரையில் உள்ள அளவுகோல் கோட்டோடு பொருத்துங்கள். கிளிக் இல்லாமல் பாடியிருந்தால் காலப்பிரமாணம் (பாடும் வேகம்) நடுவில் கொஞ்சம் ஓடியிருக்கும். அங்கங்கே டெம்போ மார்க்கர் (அந்த இடத்திலிருந்து வேக எண்ணை மாற்றும் குறி) வைத்துக் கோட்டைக் குரலுக்கு இணங்க வையுங்கள், குரலைக் கோட்டுக்கு இழுக்காதீர்கள்.

அப்புறம் டைம்பேஸை 'பீட்ஸ் (பொசிஷன், லெங்த், ரேட்)' என்று மாற்றிவிட்டு 80ஐ 85 ஆக்குங்கள். இந்த முறை குரலும் கூடவே சுருங்கும். மார்க்கர் வைத்திருந்தால் ஒவ்வொன்றின் எண்ணையும் அதே விகிதத்தில் ஏற்ற வேண்டும். குரல் துண்டைத் தேர்ந்து எஃப்2 அழுத்தி, 'ப்ரிசர்வ் பிட்ச்' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால் அத்தையிடம் திட்டு நிச்சயம். அங்கேயே ஒலியை நீட்டிச் சுருக்கும் முறையையும் மாற்றலாம். தனிக் குரலுக்கு 'எலாஸ்டிக் சோலோயிஸ்ட்' நன்றாக இருக்கும். என் பதிவில் சுருதிப் பெட்டியும் மைக்கில் விழுந்திருந்ததால் 'ப்ரோ' முறையே சரிப்பட்டது.

ஒரு எச்சரிக்கை. ரீப்பர் ஒவ்வொரு முறையும் மூலப் பதிவிலிருந்தே கணக்கிடும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆடாசிட்டியில் 'சேஞ்ச் டெம்போ' ஒலியையே மாற்றி எழுதிவிடும். 85 பிடிக்கவில்லை, 83 வேண்டும் என்றால் முதலில் அண்டூ செய்துவிட்டு மறுபடி கொடுங்கள். மேலே மேலே கொடுத்தால் குரல் தகர டப்பாவுக்குள் போய்விடும்.

குரல் தாங்கும் அளவுக்கு மிருதங்கம் தாங்காது. சாப்பு (மிருதங்கத்தில் ஒருவகை அடி) விழும் அந்த நொடியின் கூர்மை மழுங்கி, சில இடங்களில் ஒரே அடி இரண்டாகக் கேட்கும். மிருதங்கத்தை அடி அடியாக வெட்டி, அந்தத் துண்டுகளுக்கு மட்டும் 'பீட்ஸ் (பொசிஷன் ஒன்லி)' கொடுத்தால் நீளாமல் இடம் மட்டும் மாறும். மூன்று நிமிடப் பாட்டுக்கு அப்படி வெட்டிக்கொண்டிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், அது வேறு.

கடைசியில் 85இல் அத்தையின் கமகங்கள் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் இடங்கள்) முட்டிக்கொண்டன, 83இல் நிறுத்தினேன். மிருதங்கத்தை 83க்குப் புதிதாகவே வாசித்துப் பதிவு செய்தோம், இந்த முறை கிளிக்கோடு.