ஏஐ கோடிங் உதவியாளரின் டோக்கன் கணக்கு: வெளியே அனுப்பாமல் பார்ப்பது எப்படி?

கேள்வி: தினமும் டெர்மினலில் கிளாட் கோட் என்ற ஏஐ கோடிங் உதவியாளரை வைத்துத்தான் வேலை செய்கிறேன். எந்த ப்ராஜெக்ட்டுக்கு எவ்வளவு டோக்கன் (மாடல் படிக்கும், எழுதும் உரையின் சிறு துண்டு) போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக வேறொரு சேவையில் கணக்குத் தொடங்கி என் வேலை விவரத்தைக் கொடுக்க மனமில்லை. வழி உண்டா?

உண்டு. நீங்கள் தேடும் கணக்கு ஏற்கெனவே உங்கள் கணினியில்தான் கிடக்கிறது. ஹோம் டைரக்டரியில் 'கிளாட்' என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு, மறைந்திருக்கும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அதற்குள் 'ப்ராஜெக்ட்ஸ்' என்ற ஃபோல்டரில், நீங்கள் வேலை செய்த ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு உரையாடலும் ஒரு ஜேசன்எல் ஃபைல், அதாவது வரிக்கு ஒரு ஜேசன் (பெயரும் மதிப்புமாகத் தகவலை எழுதும் வடிவம்). மாடல் பதில் சொன்ன வரிகளில் நான்கு எண்கள் இருக்கும்: உள்ளே போன டோக்கன், வெளியே வந்த டோக்கன், கேஷில் (திரும்பத் திரும்ப வரும் உரையை மாடல் பக்கம் தற்காலிகமாகச் சேமிக்கும் இடம்) எழுதியது, கேஷிலிருந்து படித்தது. கூடவே மாடலின் பெயரும் நேரமும்.

இவற்றைக் கூட்டிக் காட்ட சிசியூசேஜ் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி இருக்கிறது. அது இந்த ஃபைல்களை உங்கள் கணினியிலேயே படிக்கிறது. விலைப் பட்டியலைப் புதுப்பிக்க மட்டும் இணையத்துக்குப் போகும். அதுவும் வேண்டாமென்றால் ஆஃப்லைன் தேர்வைக் கொடுத்து ஓட்டுங்கள். எந்தக் கருவியானாலும் வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. அப்போதும் கணக்கு வந்தால், கணக்குப் போட அதற்கு இணையம் தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

நீங்களே ஸ்க்ரிப்ட் எழுதினாலும் ஐம்பது வரிக்கு மேல் போகாது. ஆனால் ஓர் இடத்தில் எல்லோரும் வழுக்கி விழுவார்கள், நானும் விழுந்தேன். மாடலின் ஒரே பதில் பல வரிகளாகப் பிரிந்து பதிவாகும்: விளக்கம் ஒரு வரி, கருவியை அழைத்தது இன்னொரு வரி. எல்லா வரியிலும் டோக்கன் எண்கள் திரும்ப வரும். கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் கணக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஊதிவிடும். மெசேஜ் ஐடியை வைத்து, ஒரே ஐடிக்குக் கடைசி வரியை மட்டும் எடுங்கள். இதை ஃபைலுக்குள் மட்டுமல்ல, எல்லா ஃபைல்களுக்கும் சேர்த்தே செய்யுங்கள்.

அடுத்தது கேஷ். நீண்ட உரையாடலில் பழைய பேச்சு ஒவ்வொரு முறையும் மாடலிடம் திரும்பப் போவதால், கேஷிலிருந்து படித்த டோக்கன்கள்தான் மலைபோலத் தெரியும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சாதாரண உள்ளீட்டு விலையில் அதற்குப் பொதுவாகப் பத்தில் ஒரு பங்குதான். கேஷில் எழுதுவதற்கு, ஐந்து நிமிடக் கேஷ் என்றால், 1.25 மடங்கு. நான்கு எண்களையும் ஒன்றாகக் கூட்டி 'மொத்த டோக்கன்' என்று காட்டும் கணக்கை நான் மதிப்பதில்லை.

நேரம் உலகப் பொது நேரமான யூடிசி-யில் பதிவாகியிருக்கும். மாற்றாமல் விட்டால் சில மணி நேரத்து வேலை பக்கத்து நாளின் கணக்கில் போய் உட்காரும்.

சரி, அந்தரங்கம். கணக்கைவிட அந்தப் பதிவுதான் கவனிக்க வேண்டிய விஷயம். நீங்கள் தட்டிய கேள்வி, உதவியாளர் படித்த ஃபைல், ஓட்டிய கமாண்டின் விடை எல்லாம் அதில் அப்படியே இருக்கும். கடவுச்சொல் இருந்த ஃபைலை அது ஒருமுறை படித்திருந்தால் அந்தக் கடவுச்சொல்லும் அங்கே இருக்கும். அதனால் கிளவுடுக்கு நகலெடுக்கும் பட்டியலில் அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஃபோல்டரின் பெயரே ப்ராஜெக்ட்டின் முழுப் பாதை என்பதால், கணக்கின் ஸ்க்ரீன்ஷாட்டை யாருக்காவது அனுப்பினால் வாடிக்கையாளரின் பெயரும் சேர்ந்து போய்விடலாம். என் கணக்கில் ப்ராஜெக்ட்டுகளுக்கு நானே வைத்த புனைபெயர்கள்தான் இருக்கின்றன.

நான் செய்வது இதுதான்: தேதி, புனைபெயர், மாடல், நான்கு எண்கள் ஆகியவற்றை மட்டும் ஒரு சின்ன எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் அடங்கும் தரவுத்தளம்) ஃபைலில் தினமும் எடுத்து வைக்கிறேன். மூலப் பதிவுகள் வழக்கமாக 30 நாளில் தானாக அழிந்துவிடும். செட்டிங்கில் அதைக் கூட்டலாம், ஆனால் கூட்டாதீர்கள். எண்கள் மட்டும் நின்றால் போதும்.

வரைபடமாகப் பார்க்க ஆசை என்றால் கிளாட் கோடில் ஓப்பன் டெலிமெட்ரியை (அளவீட்டு எண்களைத் திரட்டித் தரும் பொது முறை) இயக்கி, அந்த எண்களைச் சேர்த்து வைக்கும் ப்ரோமித்தியஸ் என்ற கருவியை உங்கள் கணினியிலேயே ஓட்டி, அதற்குத் திருப்பலாம். நீங்களாகக் கேட்டாலொழிய உங்கள் கேள்விகளின் வாசகம் அதில் பதிவாகாது. தனியாக வேலை செய்யும் ஒருவருக்கு இது கொஞ்சம் அதிகப்படி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் அளக்கும் வேலையை மட்டும்தான் வெளியே போகாமல் வைக்கும். உங்கள் கோட் மாடலின் சர்வருக்கு எப்போதும்போலப் போய்க்கொண்டுதான் இருக்கும். அப்புறம், மாதச் சந்தாவில் இருக்கிறீர்கள் என்றால் கருவி காட்டும் டாலர் தொகை உங்கள் பில் அல்ல. இதே வேலையை ஏபிஐ வழியாக, டோக்கன் அளவுக்குக் காசு கொடுத்துச் செய்திருந்தால் ஆகியிருக்கும் தோராயத் தொகை.