கொண்டல் வென்றால் மழை, வாடை வென்றால் பனி

தம்பி, நாகப்பட்டினத்திலிருந்து ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து எடிசன் நகருக்கு வந்து சேர்ந்த நீங்கள், வரும் புதன்கிழமை கரையோரப் புயல் ஒன்று வரப்போவதாகச் சொல்கிறார்களே, கைபேசி ஒரு நாள் எட்டு அங்குலப் பனி என்கிறது, மறுநாள் வெறும் மழை என்கிறது, நவம்பர் முதல் வாரத்திலேயே பனி வருமா, இது நம் ஊர்ப் புயலைப் போன்றதா, கைக்குழந்தையோடு எதற்கு ஆயத்தமாவது என்று கேட்டிருந்தீர்கள். வேதாரண்யத்தில் பிறந்து பதினெட்டு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் வாழ்கிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதை இங்கே நார்ஈஸ்டர் என்பார்கள். வடகிழக்கிலிருந்து காற்று வீசுவதால் வந்த பெயர் அது. நம் வடகிழக்குப் பருவக்காற்றுக்கும் பெயர்க்காரணம் அதுவே. சுழலும் திசையும் நம் புயலைப் போலவே இடஞ்சுழிதான். பிறப்புதான் வேறு. வங்கக் கடல் புயல் கடலின் வெப்பத்தைக் கொண்டே வளர்கிறது. இதுவோ குளிர்ந்த நிலக்காற்றும் வெதுவெதுப்பான கடற்காற்றும் சந்திக்கும் இடத்தில், பெரும்பாலும் வட கரோலினாவின் ஹட்டெராஸ் முனையை ஒட்டி, கல்ஃப் ஸ்ட்ரீம் என்னும் வெப்ப நீரோட்டத்தின் அருகே வலுப்பெற்று, கரையோரமாகவே வடகிழக்கு நோக்கி ஏறிப்போகிறது. ஆகவே எங்கே கரையைக் கடக்கும் என்பதைவிட, மையம் கரையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதே இங்கே பெரிய கேள்வி.

நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே, வடக்கு 40 பாகையும் மேற்கு 70 பாகையும் வெட்டும் புள்ளியை வானிலையாளர்கள் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். நடுக்குளிர்காலத்தில் மையம் அந்தப் புள்ளியை ஒட்டிப் போனால் நம் பக்கம் பனிக்கு வாய்ப்பு அதிகம். கரைக்கு இன்னும் நெருங்கினால் மழை. வெகுவாக விலகினால் ஒன்றுமில்லை. நவம்பர் தொடக்கத்தில் அந்தக் கணக்கும் நிற்பதில்லை, ஏனென்றால் நம் கரையோரக் கடல் அப்போதும் ஏறத்தாழ 55 டிகிரி பாரன்ஹீட் வெப்பத்தோடு இருக்கும். கிழக்கிலிருந்து கொண்டல் வீசினால் அந்தக் கதகதப்பு உள்ளே வந்து பனியை மழையாக்கிவிடும். கனடாவின் கியூபெக் பக்கம் காற்றழுத்தம் மிகுந்த பகுதி ஒன்று வலுவாக உட்கார்ந்து, வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த வாடையைத் தெற்கே தள்ளிக்கொண்டிருந்தால் பனி பனியாகவே விழும். இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோடு பல சமயம் நம் வீட்டு வழியாகவே போகிறது. ஓர் அங்குல மழைக்குரிய நீர் பொதுவாகப் பத்து அங்குலப் பனியாகும் என்பதால், புயல் நாற்பது ஐம்பது மைல் நகர்ந்தாலே கைபேசியின் எண் தலைகீழாகிவிடும். அது பொய் சொல்லவில்லை. சாத்தியங்கள் பலவற்றில் ஒன்றை மட்டுமே காட்டுகிறது.

2018 நவம்பர் 15, வியாழக்கிழமையை என்னால் மறக்க முடியாது. சிறிது பனி பெய்து விரைவில் மழையாகும் என்றே காலையில் எதிர்பார்த்தோம். நண்பகலுக்குப் பிறகு பனி கொட்டத் தொடங்கியது. வறண்ட குளிர்காற்று எளிதில் விலகவில்லை, பொழிவும் கனமாக இருந்ததால் மழையாக மாற வேண்டிய நேரம் தள்ளிக்கொண்டே போனது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 6.4 அங்குலம் பதிவானது. நாற்பது நிமிடப் பயணத்துக்கு ஐந்து மணி நேரம் காரில் இருந்தேன். துடைப்பான் ஒதுக்கிய பனி கண்ணாடியின் ஓரங்களில் உறைந்து, பார்ப்பதற்குக் கையகல இடமே மிஞ்சியது. அதே பிற்பகலில், நம் ஊரில் அது 16ஆம் தேதி அதிகாலை, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்துகொண்டிருந்தது. அம்மாவின் எண்ணை அழைத்து அழைத்துப் பார்த்தேன், மணி ஒலிக்கவே இல்லை. நீங்களும் அந்த இரவை அங்கே கடந்திருப்பீர்கள்.

பருவத்துக்கு முந்திய பனியில் நான் அதிகம் அஞ்சுவது மரங்களைத்தான். 2011இல் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், அக்டோபர் 29 அன்று வந்த புயலின்போது மேப்பிளும் ஓக்கும் இன்னும் இலை உதிர்த்திருக்கவில்லை. ஈரப்பனி ஒவ்வோர் இலையிலும் ஒட்டிக் கிளைகளைக் கனக்கச் செய்தது. இரவெல்லாம் எங்கள் தெருவில் கிளை முறியும் ஓசை வெடிச்சத்தம்போலக் கேட்டது. வடகிழக்கு மாநிலங்களில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எங்கள் வீட்டில் ஐந்து நாள் இல்லை. எரிவாயுவில் ஓடும் ஹீட்டர்கூட, வெப்பக்காற்றைத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமென்பதால் நின்றுபோகும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்துக் குழந்தைக்குப் பால் காய்ச்சலாம். ஆனால் குளிருக்காக அடுப்பையோ ஓவனையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள் எரிய விடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் உயிரைப் பறிக்கும். கனமான போர்வைகள், பேட்டரியில் எரியும் கைவிளக்கு, இரண்டு மூன்று நாளுக்கான பால் மாவும் குடிநீரும் போதும். மரத்தடியில் காரை நிறுத்தாதீர்கள்.

கைபேசி காட்டும் பனி அளவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நம் மாவட்டத்தைக் கவனிக்கும் மவுண்ட் ஹோலி தேசிய வானிலை அலுவலகத்தின் விளக்கவுரையைக் காலையும் மாலையும் வாசியுங்கள். எது உறுதி, எது ஐயம் என்று எழுதுகிறவர்களே சொல்லிவிடுவார்கள். வாட்ச் என்றால் வாய்ப்பு இருக்கிறது, ஆயத்தமாகுங்கள் என்று பொருள். வார்னிங் என்றால் வருவது ஏறக்குறைய உறுதி. செவ்வாய் இரவு படுக்குமுன் சன்னல் ஓரத்து வெப்பமானியையும் காற்று வரும் திசையையும் பாருங்கள். 42 டிகிரி பாரன்ஹீட்டும் கிழக்குக் காற்றும் என்றால் பெரும்பாலும் குடை போதும். 34க்குக் கீழே இறங்கி, காற்றும் வடக்குக்குத் திரும்பியிருந்தால், புதன்கிழமை வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று அலுவலகத்துக்கு அன்றிரவே எழுதிவிடுங்கள்.