ஒரு சிறுநீரகம் கொடுத்த பிறகு: கேட்டவையும் பதில்களும்

உயிரோடு இருப்பவர் சிறுநீரகம் கொடுப்பது பற்றிய ஆய்வுகளை வைத்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் உங்களுக்கான முடிவை யாரும் சொல்ல முடியாது. ஆய்வு எண்களை எப்படிப் படிப்பது, எங்கே கவனம் வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

கேள்வி: தம்பிக்குக் கொடுக்க முடிவு செய்திருக்கிறேன் சார். ஒரு இடத்தில் "கொடுத்தவருக்குக் கிட்னி செயலிழக்கும் வாய்ப்பு 8 மடங்கு" என்று படித்தேன். இன்னொரு இடத்தில் "பொதுமக்களைவிடக் குறைவு" என்று போட்டிருக்கிறார்கள். எது பொய்?

இரண்டுமே உண்மை. இரண்டும் ஒரே ஆய்விலிருந்து வந்தவை. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு அது. 96,217 கொடையாளர்களைப் பின்தொடர்ந்தார்கள். 15 ஆண்டுகளில் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும் நிலைக்குப் போனவர்கள், கொடுத்தவர்களில் 10,000-க்கு சுமார் 31 பேர். கொடுக்கத் தகுதியுள்ள அளவுக்கு ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் 10,000-க்கு சுமார் 4 பேர். எட்டு மடங்கு இங்கிருந்துதான் வந்தது.

அதே ஆய்வு வாழ்நாள் கணக்கும் போட்டது: கொடுத்தவர்களில் 10,000-க்கு 90, ஆரோக்கியமான கொடுக்காதவர்களில் 14, எந்தச் சோதனையும் செய்யாத பொதுமக்களில் 326. "பொதுமக்களைவிடக் குறைவு" என்பது 326-ஐ வைத்துச் சொன்னது. ஆனால் அந்த 326-க்குள் சர்க்கரை நோயாளியும் இருக்கிறார், பல வருடம் ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டவரும் இருக்கிறார். நீங்கள் எல்லாச் சோதனையிலும் தேறி வந்தவர். உங்களோடு ஒப்பிட வேண்டியது 14-ஐத்தான். ஆக, கொடுப்பதால் கூடுகிற ஆபத்து 10,000-க்கு சுமார் 76. மடங்கைச் சொன்னால் பயம் வரும், பொதுமக்கள் எண்ணைச் சொன்னால் பொய்த் தைரியம் வரும். கேட்க வேண்டியது இந்த 76-ஐ.

அதே ஆண்டில் வந்த நார்வே ஆய்வு 11 மடங்கு என்றது. அதில் 1,901 கொடையாளர்களில் 9 பேருக்குத்தான் செயலிழப்பு வந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்தவர்கள் 1980-களில் ஒரே மாவட்டத்தில் நடந்த சுகாதாரக் கணக்கெடுப்பில் இருந்தவர்கள். சராசரி வயதும் கொடையாளர்களைவிடக் குறைவு. திசை சரி, அந்த 11 என்ற எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை.

கேள்வி: அப்பாவுக்குக் கொடுக்க 22 வயது மகனும் தயார், 58 வயது அம்மாவும் தயார். இளம் கிட்னிதானே நல்லது? பையனே கொடுக்கட்டும் என்கிறார்கள் உறவினர்கள்.

வாங்குபவரை மட்டும் பார்த்தால் அது சரி போலத் தெரியும். கொடுப்பவர் பக்கம் கணக்கு நேர்மாறு. 58 வயதில் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் எதுவும் இல்லை என்றால், வர வேண்டியவற்றில் பெரும்பகுதி வராமலே கடந்துவிட்டது என்று பொருள். 22 வயதில் எல்லாம் நார்மல் என்றால் இன்னும் எதுவும் வரும் வயது ஆகவில்லை என்பது மட்டுமே நிச்சயம். அவருக்கு முன்னால் அறுபது வருடம் கிடக்கிறது. 15 ஆண்டு ஆய்வுகள் அந்த அறுபதைப் பார்த்ததே இல்லை.

அப்பாவின் நோய் என்ன என்பதும் முக்கியம். பரம்பரை நீர்க்கட்டி நோய் என்றால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இளவயதில் அல்ட்ராசவுண்டில் கட்டி தெரியாததாலேயே இல்லை என்று சொல்லிவிட முடியாது, எம்.ஆர்.ஐ. அல்லது மரபணுச் சோதனை வேண்டும். சர்க்கரையால் போன சிறுநீரகம் என்றால் பையனுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அம்மாவின் சோதனைகள் தேறினால் முதலில் அம்மா. அவர் கொடுத்தது பல வருடம் கழித்து ஓய்ந்துபோனால், அப்போது பையனுக்கு வயது கூடியிருக்கும், அவர் உடம்பைப் பற்றித் தெரிந்திருக்கும்.

கேள்வி: கொடுத்து 8 மாதம் ஆகிறது. கிரியாட்டினின் முன்பு 0.8, இப்போது 1.2. லேப் ரிப்போர்ட்டில் "நாட்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை" என்று அச்சாகி வந்திருக்கிறது. தூக்கமே இல்லை.

அந்த வரியை எழுதியது கணினி. கிரியாட்டினினோடு (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும், தசையிலிருந்து வரும் கழிவு) வயதையும் பாலினத்தையும் சேர்த்துச் சூத்திரத்தில் போட்டு, வடிகட்டும் திறன் 60-க்குக் கீழ் வந்தால் மூன்றாம் நிலை என்று அச்சடிக்கும். நீங்கள் ஒன்றைக் கொடுத்தவர் என்பது அதற்குத் தெரியாது.

ஒன்றை எடுத்ததும் வடிகட்டும் திறன் பாதியாகும். மிச்சம் இருப்பது சில வாரங்களில் கொஞ்சம் பெருத்து, கூடுதல் ரத்தத்தை வாங்கி, பழைய மொத்தத் திறனில் சுமார் 65 முதல் 70 சதவீதம் வரை எட்டிப் பிடிக்கும். அந்தக் கணக்கில் 0.8 இருந்தவருக்கு 1.2 வருவது எதிர்பார்த்ததே. நோயில் நெஃப்ரான்கள் (சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள்) சேதமாகிக் குறைகின்றன. உங்களிடம் எண்ணிக்கைதான் குறைவு, இருப்பவை நல்லவை.

பார்க்க வேண்டியவை மூன்று. கிரியாட்டினின் ஒரே மட்டத்தில் நிற்கிறதா, வருடா வருடம் ஏறுகிறதா? சிறுநீரில் ஆல்புமின் (ரத்தப் புரதம்)–கிரியாட்டினின் விகிதம் 30-க்குக் கீழா? ரத்த அழுத்தம் என்ன? இந்த மூன்றையும் வருடம் ஒரு முறை பார்த்து ஒரே தாளில் எழுதி வையுங்கள். ஒரு தனி எண்ணைவிட ஐந்து வருட வரிசை அதிகம் பேசும். சோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய நாள் நிறைய இறைச்சியும் கடும் உடற்பயிற்சியும் வேண்டாம், இரண்டும் கிரியாட்டினினை ஏற்றிக் காட்டும். உடம்பு வலிக்கு ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைத் தவிர்த்துப் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொடுப்பதற்கு முன் எந்த எண் வந்தால் வேண்டாம் என்பார்கள்?

2017-இல் வந்த கே.டி.ஐ.ஜி.ஓ. சர்வதேச வழிகாட்டுதல்படி வடிகட்டும் திறன் 90-க்கு மேல் என்றால் ஏற்கலாம், 60-க்குக் கீழ் என்றால் கூடாது, நடுவில் இருந்தால் ஆளைப் பார்த்து முடிவு. சிறுநீரில் ஒரு நாளைக்கு வெளியேறும் ஆல்புமின் 30 மி.கி.க்குக் கீழ் இருந்தால் சரி, 100-க்கு மேல் என்றால் கூடாது. எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் சூத்திரக் கணக்கோடு நின்றுவிடாமல் ஐயோஹெக்சால் அல்லது டி.டி.பி.ஏ. மருந்து செலுத்தி நேரடியாக அளக்கச் சொல்லிக் கேளுங்கள். தசை அதிகமுள்ளவருக்குச் சூத்திரம் குறைத்துக் காட்டும், மெலிந்தவருக்குக் கூட்டிக் காட்டும். இரண்டாவதுதான் ஆபத்து.

கேள்வி: ஆபரேஷனில் செத்துப்போக வாய்ப்பு உண்டா? நேராகச் சொல்லுங்கள்.

உண்டு, மிகக் குறைவு. அமெரிக்காவில் 1993 முதல் 2022 வரை கொடுத்த 1,64,593 பேரின் பதிவேட்டை 2024-இல் ஆராய்ந்தார்கள். 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 36 பேர். முதல் பத்தாண்டில் 10,000-க்கு 3 ஆக இருந்தது, கடைசிப் பத்தாண்டில் 0.9 ஆகக் குறைந்தது. இறப்புகளுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ரத்தப்போக்கு.

எங்கிருந்து ரத்தப்போக்கு? சிறுநீரகத் தமனியின் அடிக்கட்டையிலிருந்து. வாங்குபவருக்கு நீளமான குழாய் வேண்டும் என்பதால் கொடுப்பவர் பக்கம் விடுகிற கட்டை குட்டையாகிவிடும். அதில் வெறுமனே கவ்விப்பிடிக்கும் பாலிமர் கிளிப்பைப் போட்டால் சில மணி நேரம் கழித்து வழுக்கி விழலாம். அது மகாதமனியிலிருந்து நேராகக் கிளைக்கும் குழாய். சில நிமிடங்களில் லிட்டர் கணக்கில் போய்விடும். அதனால்தான் கொடையாளருக்குத் தமனியில் அந்தக் கிளிப் கூடாது, சுவரைக் குத்தித் துளைத்துப் பிடிக்கும் ஸ்டேப்லரோ தையலோ வேண்டும் என்று எச்சரிக்கை இருக்கிறது. "தமனியை எதால் அடைக்கிறீர்கள்?" என்று அறுவை மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை. நல்ல குழு கோபித்துக்கொள்ளாது.

பெரும்பாலும் இடது சிறுநீரகத்தைத்தான் எடுப்பார்கள். இடது சிரை நீளம், வாங்குபவருக்குத் தைக்க வசதி. ஆனால் அந்தச் சிரையில் அட்ரினல் சுரப்பி, விரை அல்லது சினைப்பையிலிருந்து வரும் கிளைகள் சேர்கின்றன, அவற்றைக் கட்டித்தான் எடுக்க வேண்டும். ஆண்களில் சிலருக்கு இடது விரையில் வலியோ வீக்கமோ வருவது இதனால். முன்கூட்டிச் சொல்லாமல் விடும் இடங்கள் அதிகம். இரண்டு சிறுநீரகங்களின் திறனும் சமமில்லை என்றால் நல்லது கொடையாளரிடமே இருக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது.

கேள்வி: கணவர் எனக்குக் கொடுக்க வருகிறார். எச்.எல்.ஏ. பொருத்தம் பூஜ்யம் என்கிறார்கள். வீண்தானா?

இல்லை. எச்.எல்.ஏ. என்பது தன் செல் எது, அந்நியச் செல் எது என்று உடல் பிரித்தறியும் அடையாளம். 1995-இல் வெளியான அமெரிக்கப் பதிவேட்டு ஆய்வில் கணவன்–மனைவிக்கிடையே மாற்றியவை மூன்று ஆண்டுக்குப் பின் 85 சதவீதம் வேலை செய்தன. பெற்றோர் கொடுத்தவை 82, இறந்தவரிடமிருந்து வந்தவை 70. ரத்த உறவே இல்லாதது பெற்றோருடையதற்குச் சமமாக நின்றது, ஏனென்றால் உயிரோடு இருப்பவரின் சிறுநீரகம் ரத்த ஓட்டமில்லாமல் ஐஸில் காத்திருக்கும் நேரம் மிகக் குறைவு.

உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது வேறு. அவருடைய குழந்தையைச் சுமந்திருந்தால், குழந்தை வழியாக அவருடைய எச்.எல்.ஏ.வை உங்கள் உடல் ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. அவருக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) தயாராக இருக்கலாம். கலைந்த கர்ப்பமும் ரத்தம் ஏற்றியதும் கணக்கில் வரும், எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய முறை கிராஸ்மேட்ச் (அவர் செல்லையும் உங்கள் ரத்தத்தையும் கலந்து பார்ப்பது) நெகட்டிவ் என்றாலும், குறைந்த அளவு ஆன்டிபாடியையும் காட்டும் லூமினெக்ஸ் சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷனுக்கு நெருக்கத்தில் இன்னொரு முறை கிராஸ்மேட்ச் செய்ய வேண்டும். நடுவில் ரத்தம் ஏற்றினால் கட்டாயம்.

கேள்வி: ரத்த வகையே சேரவில்லை. ஆன்டிபாடியை வடித்தெடுத்துச் செய்வதா, இன்னொரு ஜோடியோடு மாற்றிக்கொள்வதா?

மாற்றிக்கொள்ள முடிந்தால் அதுதான் முதல் வழி. உங்கள் கொடையாளர் அவர்கள் நோயாளிக்கு, அவர்கள் கொடையாளர் உங்களுக்கு. யோசனை 1986-இல் எழுதப்பட்டது, 1991-இல் தென் கொரியாவில் செய்து காட்டினார்கள். யாரை யாரோடு சேர்த்தால் அதிகம் பேருக்குக் கிடைக்கும் என்ற கணக்கைப் போட்டவர்களில் ஒருவர் ஆல்வின் ராத்; 2012-இல் பொருளாதார நோபல் பெற்றார். ஓ வகை நோயாளிகளுக்கு மட்டும் காத்திருப்பு நீளும். ஓ வகைக் கொடையாளர் தன் நோயாளிக்கு நேரடியாகவே கொடுத்துவிடுவதால் மாற்று வரிசைக்கு அவர் வருவதே அபூர்வம்.

வடித்தெடுத்துச் செய்யும் வழியில் ரிடுக்ஸிமாப் (ஆன்டிபாடி தயாரிக்கும் செல்களின் வழியை அடைக்கும் மருந்து) கொடுத்து, பிளாஸ்மா மாற்றிக் கொண்டே ஆன்டிபாடி அளவை (எத்தனை மடங்கு நீர்த்தும் தெரிகிறது என்ற கணக்கு) பொதுவாக 1:8 அளவுக்கு இறக்குவார்கள். தொடக்கமே 1:512 போல இருந்தால் இறங்குவதும் கடினம், திரும்ப ஏறுவதும் வேகம். முதல் இரண்டு வாரம்தான் ஆபத்தான காலம். அதைத் தாண்டினால் அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தும் சிறுநீரகத்தைத் தாக்காமல் விடுவதைப் பார்க்கிறோம். நோய்த்தொற்றும் ரத்தப்போக்கும் இந்த வழியில் அதிகம் என்பதையும் சேர்த்தே முடிவெடுங்கள்.

கேள்வி: இன்னும் குழந்தை பெறவில்லை. கொடுத்த பிறகு கர்ப்பம் தரிக்கலாமா?

தரிக்கலாம். 2015 கனடிய ஆய்வில் கர்ப்பகால ரத்த அழுத்தம் அல்லது பிரீஎக்லாம்ப்சியா (ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளையும் பாதிக்கும் கர்ப்பகாலக் கோளாறு) கொடுத்தவர்களில் 11 சதவீதம், கொடுக்காதவர்களில் 5. குறைப்பிரசவமோ எடை குறைந்த குழந்தையோ குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. முதல் சந்திப்பிலேயே மகப்பேறு மருத்துவரிடம் ஒரு சிறுநீரகம் என்று சொல்லிவிடுங்கள். குழந்தைகள் பெற்று முடித்த வேறொரு கொடையாளர் வீட்டில் இருந்தால் அவரை முதலில் யோசிக்கலாம்.

கேள்வி: டாக்ரோலிமஸ் அளவு ஒரு மாதம் 6, அடுத்த மாதம் 13. மாத்திரை அதேதான். லேப் தப்பா?

டாக்ரோலிமஸ் மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மாத்திரை. முதலில் உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். காலை மாத்திரைக்கு முன், இரவு மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுப் போனால் அளவு ஏறித்தான் காட்டும். அடுத்து, நடுவில் கிளாரித்ரோமைசின், ஃப்ளூகொனசோல் போல ஏதாவது எழுதிக் கொடுத்தார்களா? அவை அளவை ஏற்றும். காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் பாதாளத்துக்கு இறக்கும். பலருக்குத் தெரியாத ஒன்று: வயிற்றுப்போக்கிலும் அளவு ஏறும்.

கேள்வி: பன்றிக் கிட்னி வந்துவிட்டதே, அதுவரை காத்திருந்தால் என் மகள் கொடுக்க வேண்டியதில்லையே?

2024 மார்ச்சில் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மரபணு மாற்றிய பன்றியின் சிறுநீரகத்தை உயிருள்ள நோயாளிக்கு முதல் முறையாக வைத்தார்கள். அந்தப் பன்றியின் மரபணுக்களில் 69 மாற்றங்கள்; அவற்றில் 59 பன்றியின் மரபணுவிலேயே ஒளிந்திருக்கும் வைரஸ்களை முடக்குவதற்கு. நோயாளி இரண்டு மாதத்தில் இறந்தார். மாற்றிய சிறுநீரகம் காரணமாகத் தெரியவில்லை என்று மருத்துவமனை அறிவித்தது. அடுத்து வந்தவற்றில் ஒன்று 130 நாள் ஓடியது, இன்னொன்று 271 நாள். பிறகு இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. உயிருள்ளவர் கொடுத்தது வருடக் கணக்கில் ஓடுகிறது, பலருக்குப் பதினைந்தைத் தாண்டியும். டயாலிசிஸில் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் உங்கள் இதயத்தைத் தேய்க்கிறது. இந்த ஒப்பீட்டில் காத்திருப்பு வெல்லவில்லை. மகளுக்குத் தயக்கம் இருந்தால் அது வேறு விஷயம், அதைப் பன்றியின் பேரில் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: நான்தான் அந்தத் தயங்கும் ஆள் மாதிரி. எல்லா டெஸ்டும் தேறிவிட்டது, தேதியும் குறித்தாயிற்று. இப்போது வேண்டாம் என்றால்?

மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை சொல்லலாம். நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் அல்லாமல் கொடையாளருக்கென்று தனியாக இருப்பவரிடம், வீட்டார் யாரும் இல்லாத அறையில் சொல்லுங்கள். "கொடையாளராக ஏற்க இயலவில்லை" என்று மட்டும் குழு வீட்டாருக்குத் தெரிவிக்கும். காரணம் சொல்லும் கடமை குழுவுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.