ஜூவெட்டின் இஸ்திரிக் கடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் உரையில் ஜார்ஜ் ஜூவெட் பெயரைச் சொல்லிவிட்டு உடனே வேறு ஆளுக்குத் தாவிவிட்டீர்கள். தேடிப் படித்தேன். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் ஆடிய முதல் கறுப்பர், பிறகு டாக்டர். ஆனால் கடைசியில் டிரை கிளீனிங் கடை வைத்திருக்கிறார்! படித்ததெல்லாம் வீண்தானே? மனசு ஆறவில்லை.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

'வீண்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் அவர் என்ன ஆடினார் என்று பார்ப்போம். அது நம் ஊர்க் கால்பந்து அல்ல, அமெரிக்கக் கால்பந்து. நீள்உருண்டைப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரணியை முட்டித் தள்ளிப் போகிற ஆட்டம். பந்தை முன்னால் எறிய 1906 வரை அனுமதியே கிடையாது. அதனால் ஒவ்வொரு முறையும் ஆள்மேல் ஆள் விழுந்து ஒரு குவியலாகும். தலைக்கவசம் கட்டாயமில்லை. மண்டைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று முடியை வளர்த்துக்கொண்டவர்கள் உண்டு. அந்தக் குவியலுக்கு அடியில், 1890-இல், கையில் பந்தோடு கிடக்கிற ஒரே கறுப்பு இளைஞனுக்கு விழுந்த அடிகள் எல்லாமே பந்துக்காக விழுந்தவை என்று என்னால் நம்ப முடியவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் ஊரின் உயர்நிலைப் பள்ளியில், படிப்பில் முதலிடம் அவருக்குத்தான். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் பேசுவார். 1892-இலும் மிச்சிகனுக்கு ஆடினார். மருத்துவம் படித்துக்கொண்டே ஆடுவதில் மருத்துவக் கல்லூரி டீன் விக்டர் வாகனோடு தகராறு வந்தது. நம் வீடுகளில் என்ன சொல்லியிருப்போம்? "பந்தைத் தூக்கிப் போடு, படிப்பைப் பார்." அவர் இரண்டையும் விடவில்லை, கல்லூரியை விட்டார். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1893-இல் அங்கும் ஆடி, அங்கேயே டாக்டரானார். அங்கும் அவர்தான் முதல் கறுப்பின வீரர்.

சிகாகோவில் சில ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார். பிறகு ஆன் ஆர்பருக்கே திரும்பி, நீங்கள் சொல்லும் கடையைத் திறந்தார். கடைக்குப் பெயர் 'தி வாலட்'. எசமானின் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாள் என்று பொருள். (ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டே வைத்த பெயராகத்தான் எனக்குப் படுகிறது.) சொந்த ஊரில், சொந்த முதலில், யாருக்கும் கைகட்டி நிற்காத தொழில். இதில் எது வீண்? 1908-இல், 38 வயதில் இறந்துபோனார். எனக்கு ஆறாதது அதுதான்.

இன்னொன்றும் ஆறாது. ஜூவெட்டுக்குப் பிறகு மிச்சிகன் அணியில் அடுத்த கறுப்பின வீரர் வில்லிஸ் வார்ட். ஆண்டு 1932. நாற்பது வருடம்! அவரையும் 1934-இல், தென் அமெரிக்க மாநிலமான ஜார்ஜியாவின் ஜார்ஜியா டெக் கல்லூரி அணி கறுப்பரோடு ஆட மறுத்ததால், அந்த ஒரு ஆட்டத்தில் வெளியே உட்கார வைத்தார்கள். அவருடைய அணித்தோழர் ஜெரால்ட் ஃபோர்ட், பிற்காலத்தில் அமெரிக்க அதிபரானவர்.

2021 முதல் மிச்சிகனும் நார்த்வெஸ்டர்னும் மோதும்போது ஜெயிப்பவருக்கு ஜூவெட் பெயரில் கோப்பை தருகிறார்கள். முதல் ஆட்டத்தில் மிச்சிகன் 33-7 என்று ஜெயித்தது. அவர் எந்தப் பக்கம் நின்று கைதட்டியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். டீனை நினைத்தால் நார்த்வெஸ்டர்ன், கடையை நினைத்தால் மிச்சிகன்.