புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என் பணம் உதவ வேண்டும் என்றால் நன்கொடை தருவதா, முதலீடு செய்வதா?

இரண்டையும் செய்து பார்த்தவன் நான். முதலீட்டில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் புற்றுநோய் மருந்து ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த சின்ன நிறுவனத்தின் பங்குகளை வாங்கினேன். லாபத்துக்கு லாபம், புண்ணியத்துக்குப் புண்ணியம் என்று நினைப்பு. அனுமதி கேட்பதற்கு முன் நோயாளிகளிடம் நடக்கும் பெரிய சோதனையான மூன்றாம் கட்டச் சோதனையில் மருந்து தோற்றுப்போனது. காலையில் எழுந்து கைபேசியைப் பார்த்தால், போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கும் புற்றுநோய் மருந்துகளில் சுமார் 20க்கு ஒன்றுதான் அனுமதி வரை போய்ச் சேர்கிறது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கியிருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு அதிகம் உறைத்தது வேறு விஷயம். நான் கொடுத்த பணம் ஆய்வகத்துக்குப் போகவே இல்லை. எனக்கு அந்தப் பங்கை விற்ற யாரோ ஒருவர் கைக்குப் போயிருந்தது. நிறுவனம் புதிதாகப் பங்கு வெளியிடும்போது வாங்கினால்தான் பணம் அதன் கணக்கில் சேரும். சந்தையில் அன்றாடம் நாம் வாங்குவதெல்லாம் கைமாறும் பழைய பங்குகள்தான்.

அதற்காக முதலீடே வீண் என்று சொல்ல வரவில்லை. பெரிய சோதனைகளுக்கு ஆகும் செலவை உண்டியல் பணத்தால் மட்டும் சமாளிக்க முடியாது. 2016இல் யுபிஎஸ் வங்கி தன் வாடிக்கையாளர்களிடம் 47.1 கோடி டாலர் திரட்டி, புற்றுநோய் மருந்துகளுக்கென்றே ஒரு நிதியம் தொடங்க உதவியது. வருமானத்தில் ஒரு பகுதி ஆராய்ச்சிக்கு நன்கொடையாகப் போகும் என்பது அதன் ஏற்பாடு. நல்ல யோசனைதான், ஆனால் இந்த மாதிரி நிதியங்கள் பெரும் பணக்காரர்களுக்கானவை. நம்மைப் போன்றவர்களை உள்ளேயே விட மாட்டார்கள்.

அறக்கட்டளைகளே மருந்தின் பலனில் பங்கு வைத்துக்கொள்வதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிரிட்டனின் லைஃப்ஆர்க். கீட்ரூடா என்ற மருந்தை இன்று பல வகைப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்த மருந்து ஒரு ஆன்டிபாடி, அதாவது நோயெதிர்ப்புப் புரதம். முதலில் எலியிலிருந்து எடுத்த அதை மனித உடல் ஏற்கும்படி மாற்றிக் கொடுத்தது இந்த அறக்கட்டளைதான். அதற்காக லைஃப்ஆர்க்குக்கு ராயல்டி, அதாவது மருந்து விற்பனையில் ஒரு பங்கு, கிடைத்தது. 2019இல் அந்த உரிமையின் ஒரு பகுதியைக் கனடாவின் ஓய்வூதிய முதலீட்டு வாரியத்துக்குச் சுமார் 130 கோடி டாலருக்கு விற்றார்கள். அந்தப் பணம் அடுத்த ஆராய்ச்சிகளுக்கு முதலாகிவிட்டது.

சரி, அப்படியென்றால் நன்கொடைக்கு என்ன வேலை? ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்தபின் தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டால் புற்றுநோய் திரும்பி வருவது குறையுமா என்று பார்க்க, பிரிட்டன், அயர்லாந்து, இந்தியா மூன்றிலும் சுமார் 11,000 பேரை வைத்து 'ஆட்-ஆஸ்பிரின்' என்ற சோதனை நடக்கிறது. காப்புரிமை எப்போதோ முடிந்துபோன, சில்லறைக் காசு விலையுள்ள மாத்திரை. ஜெயித்தாலும் யாருக்கும் பெரிய லாபமில்லை. எந்த முதலீட்டாளர் வருவார்? கேன்சர் ரிசர்ச் யூகே என்ற அறக்கட்டளையும் அரசு நிதியும் சேர்ந்துதான் நடத்துகின்றன. குழந்தைகளுக்கு வரும் அரிய புற்றுநோய்களுக்கும் இதே கதிதான். நோயாளிகள் குறைவு, சந்தை சின்னது.

அதனால் இப்போது நான் முதலீட்டை முதலீடாக மட்டும் பார்க்கிறேன், அதில் புண்ணியக் கணக்கு எழுதுவதில்லை. நன்கொடையை ஒரே தவணையாகத் தராமல் மாதாமாதம் தானாகவே போகும்படி வைத்திருக்கிறேன். ஆராய்ச்சி மாணவருக்கு மூன்று நான்கு வருடம் உதவித்தொகை தர வேண்டியவர்களுக்கு, அடுத்த வருடமும் பணம் வரும் என்று தெரிவது முக்கியம். தேர்ந்தெடுக்கும் முன் ஆண்டறிக்கையைத் திறந்து பாருங்கள். யாருக்கு நிதி தருவது என்பதை வெளி விஞ்ஞானிகள் குழு தீர்மானிக்கிறதா, இல்லை நிர்வாகமே கைகாட்டுகிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். அப்புறம், 'ஆராய்ச்சி' என்று பெயரில் இருந்தாலும் பணம் முழுக்க விழிப்புணர்வு முகாம்களுக்குப் போகும் அமைப்புகளும் உண்டு. அதுவும் தேவையான வேலைதான். நீங்கள் கேட்டது அதுவல்ல.